‘மருமகள் வீட்டில் சும்மாதான் இருக்கிறாள்’: ஒரு கடிதமும் பதிலும்

சேலம் சிவதாபுரம் பக்கத்திலிருந்து 34 வயதுப் பெண்மணி ஒருவர் நான்கு பக்கங்களுக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் காட்டும் விவரங்களை நீக்கிவிட்டு அதன் சாரத்தை முதலில் தருகிறேன்.

அவர் எம்.காம். படித்தவர். 2013 முதல் 2016 வரை ஒரு நூற்பாலையின் கணக்குப் பிரிவில் வேலை பார்த்தார். முதல் குழந்தை வயிற்றில் இருந்தபோது, “இப்போதைக்கு எழுதிக் கொடுத்துட்டுப் போம்மா, பிரசவம் முடிஞ்சு பார்த்துக்கலாம்” என்று மேலாளர் சொன்னதைக் கேட்டு வேலையை விட்டார். இன்று இரண்டு பிள்ளைகளும் பள்ளிக்குப் போகிறார்கள். கணவர் வீட்டின் முன்பகுதியிலேயே வெள்ளிக் கொலுசுப் பட்டறை வைத்து, செவ்வாய்ப்பேட்டை வியாபாரிகளிடம் வெள்ளி வாங்கிக் கூலிக்குச் செய்து கொடுக்கிறார். பிள்ளைகளை அனுப்பிவிட்டுக் காலை பத்து மணிக்குப் பட்டறையில் உட்கார்ந்தால் இரண்டரை மணி வரை கண்ணி இணைப்பது, பொடி வைத்து ஊதிப் பற்றவைப்பது, சலங்கை கோர்ப்பது எல்லாம் இவர்தான். இரவில் எடைக் கணக்கையும் சேதாரக் கணக்கையும் எழுதுவதும் இவரே.

சில மாதங்களுக்கு முன்பு வீட்டுக்கு வந்த கணக்கெடுப்பாளர் ஒருவரிடம் இவருடைய மாமியார் வாசலில் நின்றபடியே, “மருமக வீட்லதாங்க, சும்மாதான் இருக்கா” என்று சொல்லியிருக்கிறார். உள்ளே ஊதுகுழலும் கையுமாக உட்கார்ந்திருந்தவருக்கு அது சுருக்கென்று தைத்திருக்கிறது. அதே வாரம் செய்தித்தாளில் பெண்களின் தொழிலாளர் பங்கேற்பு விகிதம் ஏறிக்கொண்டே போகிறது என்று படித்துவிட்டு, “எல்லாப் பெண்களும் வேலைக்குப் போய்விட்டார்கள், நான் மட்டும்தான் பின்தங்கிவிட்டேனா?” என்று கேட்கிறார்.

இதற்கிடையில் கருப்பூர்ப் பக்கம் உள்ள ஒரு நிறுவனத்தில் கணக்குப் பணிக்கு மாதம் 14,500 ரூபாய்க்கு அழைப்பு வந்திருக்கிறது. பத்து நாளில் பதில் சொல்ல வேண்டும். “பஸ், டியூஷன் எல்லாம் போக என்ன மிஞ்சும்? பட்டறைக்கு வேற ஆள் வைக்கணும்” என்கிறார் கணவர். தனியார் வேலையில் சேர்ந்தால் 2012 முதல் புதுப்பித்து வரும் வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவு போய்விடும் என்கிறார் அண்ணன். மகளிர் உரிமைத் தொகை நின்றுவிடுமோ என்பது மாமியாரின் கவலை. 34 வயதுக்கு மேல் குரூப் 4 எழுத முடியாது என்பது இவருடைய சொந்த முடிவு.

அன்புள்ள சகோதரிக்கு,

வேலைவாய்ப்புத் துறையில் நீண்ட காலம் இருந்து ஓய்வு பெற்றவன் நான். உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். ‘நான் வேலைக்குப் போகலாமா’ என்று நீங்கள் கேட்கிறீர்கள். பத்து மணி முதல் இரண்டரை வரை பட்டறையில் உட்காருகிற ஒருவர் அப்படிக் கேட்பது எனக்கு விந்தையாக இருந்தது. நீங்கள் ஏற்கெனவே வேலையில்தான் இருக்கிறீர்கள். அந்த வேலைக்கு உங்கள் பெயரில் கூலி இல்லை, அவ்வளவே. ஆகவே, உங்கள் பெயரில் வருமானம் வரும்படி வேலை செய்வதா, இப்படியே தொடர்வதா என்று கேள்வியை மாற்றிக்கொண்டு மேலே பார்ப்போம்.

அந்த விகிதத்துக்குள் யார் இருக்கிறார்கள்

நீங்கள் படித்த செய்தி பொய்யல்ல. மத்திய அரசு 2017-இல் தொடங்கிய காலமுறைத் தொழிலாளர் கணக்கெடுப்பின்படி, 15 வயதுக்கு மேற்பட்ட பெண்களில் வேலையில் இருப்பவர்களும் வேலை தேடுபவர்களும் சேர்ந்து 2017-18-இல் நாடு முழுவதும் 23.3 சதவீதமாக இருந்தார்கள். 2023-24-இல் அது 41.7 சதவீதமானது. ஆனால் இந்த ஏற்றம் எங்கே நடந்தது என்று பாருங்கள். கிராமப்புறத்தில் 24.6-லிருந்து 47.6 ஆனது, நகர்ப்புறத்தில் 20.4-லிருந்து 28.0-க்குத்தான் வந்தது. இதே காலத்தில், ஆண் பெண் இருபாலரையும் சேர்த்து, வேலையில் இருப்பவர்களில் சுயதொழில் என்ற வகையில் வருபவர்களின் பங்கு 52.2-லிருந்து 58.4 சதவீதமாக உயர்ந்தது. மாதச் சம்பளக்காரர்களின் பங்கு 22.8-லிருந்து 21.7-ஆகச் சற்றுக் குறைந்தது. எனவே ‘எல்லாரும் வேலைக்குப் போய்விட்டார்கள்’ என்ற சொல்லை, காலையில் அடையாள அட்டை மாட்டிக்கொண்டு பேருந்து ஏறும் பெண்களின் கூட்டம் என்று நீங்கள் கற்பனை செய்துகொள்ள வேண்டியதில்லை.

அந்தச் சுயதொழில் வகைக்குள் ஒரு சிறு உட்பிரிவு உண்டு. குடும்பத் தொழிலில் கூலி பெறாமல் உதவி செய்பவருக்கு 21 என்று ஒரு குறியீட்டு எண். வீட்டு வேலை மட்டும் செய்பவருக்கு 92. ஓராண்டில் 30 நாட்களுக்குக் குறையாமல் துணை வேலையாக ஒரு தொழிலைச் செய்திருந்தாலே வேலையில் இருப்பவர் என்று சேர்த்துக்கொள்வது இந்தக் கணக்கெடுப்பின் வழக்கம். நாளுக்கு நாலரை மணி நேரம், வருடம் முழுவதும் பட்டறையில் இருக்கும் நீங்கள் ஐயத்துக்கு இடமில்லாமல் 21. வாசலில் வந்தவர் எந்தக் கணக்கெடுப்பைச் சேர்ந்தவராக இருந்தாலும், உங்கள் மாமியாரின் ஒரு வாக்கியம் உங்களை 92-க்குத் தள்ளிவிடும். வீட்டில் ஒருவர் எல்லாருக்குமாகப் பதில் சொல்லும்போது இது நடக்கத்தான் செய்யும். பொடி வைத்து ஊதுகிற வீட்டில் பொடி வைத்துப் பேசுவதும் இருக்கும் என்று நீங்கள் எழுதியிருந்தது சிரிப்பை வரவழைத்தது. ஆனாலும் அந்த அம்மையார் குத்திக்காட்டுவதற்காகச் சொன்னதாக எனக்குத் தோன்றவில்லை. அவர் காலத்தில் வீட்டு வாசலுக்குள் நடந்த எதையும் யாரும் வேலை என்று சொன்னதில்லை.

தமிழ்நாட்டின் நிலையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். இந்தியாவில் தொழிற்சாலைகளில் வேலை செய்யும் பெண்களில் ஏறத்தாழ பத்துக்கு நான்கு பேர் நம் மாநிலத்தில் இருக்கிறார்கள். இந்தப் பெருமை உண்மையானது. ஆனால் அது பெரும்பாலும் ஓசூர், ஸ்ரீபெரும்புதூர், திருப்பூர், ஆம்பூர் போன்ற இடங்களின் கதை. பல ஆலைகளில் அது விடுதியில் தங்கி வேலை பார்க்கும் திருமணமாகாத இளம்பெண்களின் கதை. சேலத்தின் தொழில்கள் வேறு விதமாக வளர்ந்தவை. கொண்டலாம்பட்டியின் தறியும், இளம்பிள்ளையின் சேலையும், உங்கள் பகுதியின் கொலுசும் வீட்டோடு வீடாக நடப்பவை. அங்கே பெண் வேலைக்குப் ‘போவதில்லை’. வேலை அவள் இருக்கும் இடத்துக்கு வந்துவிடுகிறது, கூலி மட்டும் வீட்டுத் தலைவரின் கைக்குப் போகிறது.

பணியில் இருந்த காலத்தில் ஏற்காட்டுக்கு அடிக்கடி போவேன். காப்பிப் பழம் பறிக்கும் பருவத்தில் மாலையில் எடை போடும் இடத்தில் நின்று பார்த்தால் தெரியும்: சாக்கை இறக்கிய பெண், தராசு முள் நிற்கும்வரை நகர மாட்டார், மேஸ்திரி தன் பெயருக்கு நேரே கிலோவை எழுதுவதை எட்டிப் பார்த்துவிட்டுத்தான் போவார். அவர்களில் பலர் பள்ளிக்கூட வாசலை மிதிக்காதவர்கள். தோட்டத் தொழிலாளர் வாழ்வில் குறைகள் ஏராளம், நான் அதை உயர்த்திப் பேசவில்லை. ஆனால் அந்த நோட்டில் அவர் பெயர் இருக்கிறது. எடைக் கணக்கு முழுவதையும் எழுதும் எம்.காம். பட்டதாரியான உங்கள் பெயர் நீங்களே எழுதும் நோட்டில் இல்லை.

பதிவு, வயது, உரிமைத் தொகை

இவற்றை விரைவாக முடித்துவிடலாம், ஏனெனில் இந்த மூன்று அச்சங்களும் பெரும்பாலும் கேள்விப்பட்டதால் வந்தவை.

தனியார் நிறுவனத்தில் சேர்ந்ததற்காக வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவு ரத்தாவதில்லை. மூன்றாண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்கத் தவறினால்தான் மூப்பு போகும். உங்கள் அண்ணன் பதிவையும் உதவித்தொகையையும் குழப்பிக்கொண்டிருக்கலாம்: வேலையில்லா இளைஞர்களுக்கான உதவித்தொகை, பட்டதாரிக்கு மாதம் 600 ரூபாய், வேலையில் சேர்ந்தால் நின்றுவிடும். நீங்கள் அதைப் பெறவில்லை. இன்னொன்றையும் மனம் புண்படாமல் கேளுங்கள். பதிவு மூப்பின்படி வீட்டுக்கு அழைப்புக் கடிதம் வரும் காலம் ஏறக்குறைய முடிந்துவிட்டது. வேலைவாய்ப்பு அலுவலகப் பட்டியலை மட்டும் வைத்து ஆள் எடுக்காமல் பொது விளம்பரமும் தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1996-லேயே சொல்லிவிட்டது. பெரும்பாலான இடங்கள் இன்று போட்டித் தேர்வுகள் வழியாகவே நிரப்பப்படுகின்றன. பதிவைக் காப்பாற்றுங்கள், அதற்காக வாழ்க்கையை நிறுத்தி வைக்காதீர்கள்.

குரூப் 4 தேர்வின் பெரும்பாலான பதவிகளில், பிற்படுத்தப்பட்ட, மிகவும் பிற்படுத்தப்பட்ட, பட்டியல் வகுப்பினரில் குறைந்தபட்சத் தகுதியான பத்தாம் வகுப்புக்கு மேல் படித்தவர்களுக்கு உச்ச வயது வரம்பு இல்லை. இதர வகுப்பினருக்குத்தான் வரம்பு உண்டு. உங்கள் வகுப்பைக் கடிதத்தில் குறிப்பிடாததால், அடுத்த அறிவிக்கையில் அந்தப் பத்தியை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். கூடவே எண்ணிக்கையையும் பாருங்கள். 2024 தேர்வுக்கு அறிவிக்கையில் இருந்த இடங்கள் 6,244, பின்னர் அவை கூட்டப்பட்டன. விண்ணப்பித்தவர்கள் 20 லட்சத்துக்கும் மேல். 2025 அறிவிக்கையில் 3,935 இடங்கள்தான். எழுதுங்கள், கோரிமேட்டில் உள்ள மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்தின் இலவசப் பயிற்சி வகுப்பையும் விசாரியுங்கள். ஆனால் கையில் வந்த வேலையை மறுப்பதற்கு அந்தத் தேர்வு காரணமாகக் கூடாது.

உரிமைத் தொகையைப் பொறுத்தவரை, தனியார் வேலைக்குப் போவது தானாகத் தகுதியைப் பறிக்காது. குடும்பத்தின் ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்தைத் தாண்டக் கூடாது என்பதுதான் விதி. உங்கள் சம்பளம் மட்டும் ஆண்டுக்கு 1,74,000. கணவரின் வருமானமும் சேர்ந்தால் வரம்பைத் தாண்டிவிடும் என்றே நினைக்கிறேன். அப்படியானால் மாதம் 1,000 ரூபாயை இழப்பீர்கள் என்று அத்தையிடம் நேராகச் சொல்லிவிடுங்கள்.

14,500-இல் என்ன மிஞ்சும்

கணவரின் கேள்வியை அலட்சியம் செய்யாதீர்கள். கணக்குத் தெரிந்தவர் கேட்கும் கேள்வி அது. ஆனால் அவர் கூட்டிக் கழித்த முறையில் இரண்டு இடங்களில் திருத்தம் வேண்டும்.

முழுச் சம்பளத்துக்கும் வருங்கால வைப்பு நிதி பிடித்தால் 12 சதவீதம், அதாவது 1,740 ரூபாய். இ.எஸ்.ஐ. என்னும் தொழிலாளர் காப்பீட்டுக்கு முக்கால் சதவீதம், 109 ரூபாய். கைக்கு வருவது 12,651. சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை என்பதால், நேரம் ஒத்து வந்தால் போக்குவரத்துச் செலவு பெரிதாக இராது; டியூஷனுக்கும் சில்லறைச் செலவுக்கும் 2,500 என்று வைத்துக்கொள்வோம். பட்டறைக்கு அரை நாள் ஆள் வைக்கக் கூலி எவ்வளவு என்று உங்கள் கணவரையே கேளுங்கள். ஒரு பேச்சுக்கு 6,000 என்று வைத்தால், கையில் நிற்பது 4,151 ரூபாய்.

முதல் திருத்தம்: அந்த 6,000 புதிதாக முளைத்த செலவல்ல. இத்தனை ஆண்டுகளாக நீங்கள் பட்டறைக்குக் கொடுத்து வந்த உழைப்பின் விலை அது. ‘ஆள் வைக்கணும்’ என்று அவர் சொன்னபோது, தெரிந்தோ தெரியாமலோ, நீங்கள் சும்மா இருக்கவில்லை என்பதற்குச் சாட்சி சொல்லியிருக்கிறார். டியூஷன் செலவையும் உங்கள் சம்பளத்தில் மட்டும் கழிப்பானேன்? பிள்ளைகள் இருவருக்கும் பொது.

இரண்டாவது திருத்தம், கைக்கு வராத பணம். உங்களிடம் பிடிக்கும் 1,740-க்கு ஈடாக நிறுவனமும் 1,740 கட்ட வேண்டும். அதில் 1,208 ரூபாய் ஓய்வூதியக் கணக்குக்கும் மீதி 532 உங்கள் வைப்பு நிதிக்கும் போகும். ஆக மாதம் 2,272 ரூபாய் உங்கள் பெயரில் சேருகிறது. பத்தாண்டுச் சேவை இருந்தால் 58 வயதில் ஓய்வூதியம் உண்டு. இங்கேதான் உங்கள் நூற்பாலை ஆண்டுகள் முக்கியமாகின்றன. வேலையை விட்டபோது படிவம் 10சி கொடுத்து ஓய்வூதியப் பகுதியை எடுத்துவிட்டீர்களா என்று நினைவுபடுத்திப் பாருங்கள். எடுக்கவில்லையென்றால் அந்த மூன்றாண்டுகள் இன்னும் உயிரோடு இருக்கின்றன; புதிய வேலையோடு இணைத்தால் இன்னும் ஏழாண்டுகள் போதும். இ.எஸ்.ஐ. அட்டையில் கணவர், பிள்ளைகள் உட்படக் குடும்பத்துக்கே மருத்துவம் கிடைக்கும். உங்களுக்கு உடம்பு முடியாமல் விடுப்பு எடுத்தால், போதிய நாட்கள் சந்தா கட்டியிருக்கும் பட்சத்தில், ஆண்டுக்கு 91 நாள் வரை ஊதியத்தில் 70 சதவீதம் வரும். நாள் முழுதும் நெருப்பின் முன் ஊதிக்கொண்டிருக்கும் உங்கள் கணவருக்கு இப்போது எந்த மருத்துவப் பாதுகாப்பும் இல்லை என்று கடிதத்தின் ஓரத்தில் எழுதியிருந்தீர்களே, அதையும் அவரிடம் இந்தக் கணக்கோடு சேர்த்துக் காட்டுங்கள்.

இருந்தாலும் முதல் ஆண்டில் கையிருப்பு பெரிதாக உயராது என்பதை ஒப்புக்கொண்டே பேசுங்கள். வெள்ளி விலை எகிறும் மாதங்களில் ஆர்டர் படுத்துவிடுவதை நீங்களே எழுதியிருக்கிறீர்கள். வீட்டின் இரண்டு பேரின் உழைப்பும் ஒரே உலோகத்தின் விலையை நம்பி நிற்பதைவிட ஒன்று வெளியே இருப்பது நல்லது என்பது என் கருத்து.

எனக்கு உண்மையிலேயே கவலை தருவது வேறு. 2024-ஆம் ஆண்டு நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, கூலியில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் நாளுக்கு 289 நிமிடங்களை அதில் செலவிடுகிறார்கள். ஆண்கள் 88 நிமிடங்கள். அலுவலக வேலை வந்தபின் இந்த 289 தானாகக் குறையாது. ‘பகலில் கருப்பூர், இரவில் பட்டறை’ என்ற ஏற்பாட்டுக்கு நீங்கள் பெருந்தன்மையாகத் தலையாட்டிவிட்டால் ஆறே மாதத்தில் உடம்பு முறிந்து, ‘நான் அப்பவே சொன்னேன்’ என்ற பேச்சோடு வேலை முடியும். எத்தனையோ பேர் அப்படித் திரும்பி வந்து என் மேசைக்கு எதிரே உட்கார்ந்திருக்கிறார்கள். சேருவதற்கு முன்பே யார் காலையில் பிள்ளைகளைக் கிளப்புவது, மாலை நாலரை மணிக்கு யார் வீட்டில் இருப்பது, எடைக் கணக்கை இனி யார் எழுதுவது என்று பேசி முடித்துவிடுங்கள். பட்டறை வீட்டிலேயே இருப்பதால் உங்கள் கணவரால் இதில் பலவற்றைச் செய்ய முடியும். வெளியூருக்கு வேலைக்குப் போகும் ஆண்களின் மனைவிமாருக்கு இல்லாத வசதி இது.

பட்டறையிலேயே இருப்பதென்று முடிவு செய்தால்

அதுவும் தாழ்ந்த முடிவல்ல, ஆனால் இப்போது இருப்பது போலவே இருக்காதீர்கள். பட்டறையைக் கூட்டாண்மை ஒப்பந்தத்தின் கீழ்க் கொண்டுவந்து உங்களைப் பங்குதாரராகச் சேர்க்கலாம். குறு, சிறு தொழில்களுக்கான ‘உத்யம்’ பதிவைக் கட்டணமின்றி இணையத்திலேயே செய்யலாம். உங்கள் பங்கு மாதாமாதம் உங்கள் வங்கிக் கணக்குக்கு வர வேண்டும். வெள்ளி வேலை செய்பவர்களும் பொற்கொல்லர் நல வாரியத்தில் சேரலாம். கணவர் மட்டுமல்ல, நீங்களும் தனியாகப் பதிவு செய்யுங்கள். வைப்பு நிதியும் இ.எஸ்.ஐ.யும் உள்ள வேலையில் சேர்ந்துவிட்டால் இந்த அமைப்புசாராத் தொழிலாளர் பதிவுகள் உங்களுக்குப் பொருந்தாது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் கருப்பூர் வேலையை ஏற்பேன். ஒன்பதாண்டு இடைவெளிக்குப் பின் அழைப்பு வருவதே அரிது. இன்னும் நான்கைந்து ஆண்டுகள் கழிந்தால் அது மேலும் அரிதாகும். ஆனால் சேருமுன் சிலவற்றை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். 2025 நவம்பர் 21-இல் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகளின்படி நியமனக் கடிதம் தருவது நிறுவனத்தின் கடமை. அதில் சம்பளப் பிரிவினை, வேலை நேரம், தகுதிகாண் காலம் ஆகியவை இருக்கட்டும். வெளிநாட்டு வாடிக்கையாளர்களின் கணக்கைப் பார்க்கும் நிறுவனமென்றால் பிற்பகலில் தொடங்கி இரவில் முடியும் ஷிப்ட் வரக்கூடும். அப்படி வந்தால் வீடு வரை வாகனம் உண்டா என்று கேளுங்கள். 50 பேரோ அதற்கு மேலோ வேலை பார்த்தால் குழந்தைகள் காப்பக வசதியையும் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. கர்ப்பத்தைக் காரணம் காட்டி எழுதி வாங்குவது அன்றும் சட்டப்படி தவறுதான். அந்த நூற்பாலை விஷயத்தில் இத்தனை ஆண்டுகளுக்குப் பின் செய்யக்கூடியது அதிகமில்லை என்றாலும், ராஜினாமா செய்தது உங்கள் பலவீனம் என்று இனியாவது நினைக்காதீர்கள்.

தன்விவரக் குறிப்பில் 2016-க்குப் பிறகு ‘இல்லத்தரசி’ என்று எழுதியிருக்கிறீர்கள். அதை அடித்துவிட்டு, ‘வெள்ளிக் கொலுசு உற்பத்திப் பட்டறை – எடை, சேதார, கூலிக் கணக்குகள்’ என்று எழுதுங்கள், உண்மை அதுதான். நிறுவனத்துக்குப் பதில் அனுப்புவதற்கு முன்பு, பழைய நூற்பாலைச் சம்பளச் சீட்டு ஏதாவது பீரோவில் இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். அதில் உங்கள் வைப்பு நிதி எண் இருக்கும். முதல் நாளே புதிய நிறுவனத்தில் அந்த எண்ணைக் கொடுக்க வேண்டும்.